அண்ணப் பிளவு உள்ள குழந்தையின் பேச்சை எப்படி மதிப்பிடுகிறார்கள்? பயிற்சியா, மறு அறுவையா என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

உங்கள் மகன் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் சேர்ந்து பிறந்தவன்; உதட்டை 4-ஆம் மாதத்திலும் அண்ணத்தை 11-ஆம் மாதத்திலும் தைத்திருக்கிறார்கள்; இப்போது நாலரை வயது. வீட்டில் அவன் பேசுவது புரிகிறது, வெளியாட்களுக்குப் பாதிதான் புரிகிறது. ஒரு பேச்சுப் பயிற்சியாளர் "பயிற்சியிலேயே சரியாகிவிடும்" என்கிறார். அறுவை மருத்துவரோ மூக்கு வழியாக வரும் ஒலியை அளக்கும் நாசோமீட்டர் என்ற கருவியில் 48 என்று வந்ததைக் காட்டி, "இன்னொரு அறுவை தேவைப்படும்" என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்குள் வேறொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: ஒரு குழந்தையின் பேச்சில் எதையெதைக் கேட்டு, எதையெதை அளந்து இப்படிப்பட்ட முடிவுக்கு வருகிறார்கள், அந்த அளவு ஓர் அறுவையைத் தீர்மானிக்கப் போதுமானதா என்பதே அது. பேச்சு மொழிச் சிகிச்சையாளராக இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் குழந்தைகளோடு வேலை செய்து வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் மகனின் குரலை நான் கேட்டதில்லை. ஆகவே அவனுக்கு எது வேண்டும் என்று இங்கே தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன்: இருவர் சொல்வதும் ஒரே குழந்தையின் வெவ்வேறு பாதிகளைப் பற்றியதாக இருக்கலாம். பிளவு அண்ணக் குழந்தையின் பேச்சில் இருவகைப் பிழைகள் பின்னிக் கிடக்கும். வாயின் அமைப்பு இடம் கொடுக்காததால் வருபவை ஒரு வகை. அமைப்பு சரியாக இல்லாத காலத்தில் குழந்தை தானாகக் கண்டுபிடித்துப் பழகிக்கொண்ட மாற்று ஒலிகள் இன்னொரு வகை. முதல் வகையைப் பயிற்சியால் தீர்க்க முடியாது, இரண்டாம் வகையைக் கத்தியால் தீர்க்க முடியாது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதுதான் மதிப்பீட்டின் முழு வேலையும். அதைச் செய்யாமல் "மூக்கால் பேசுகிறான், கடுமையானது" என்று மட்டும் எழுதிய அறிக்கை, எவ்வளவு பெரிய இடத்திலிருந்து வந்தாலும், அரைகுறை அறிக்கைதான்.

பேசும்போது நடப்பதைக் கொஞ்சம் பார்க்கலாம். வாயின் கூரையில் முன்பகுதி எலும்பாலான வல்லண்ணம், பின்பகுதி தசையாலான மெல்லண்ணம். மூச்சு விடும்போது மெல்லண்ணம் தொங்கிக்கொண்டிருக்கும். பேசும்போது அது மேலே எழும்பிப் பின்னால் சென்று தொண்டைச் சுவரைத் தொடும். பக்கச் சுவர்களும் உள்நோக்கி நகரும். மூக்கின் பின்வாசல் மூடிக்கொள்ளும். தமிழ் இலக்கணம் மெய்யெழுத்துகளைப் பிரித்திருக்கும் முறை இதற்கு வியக்கத்தக்க அளவில் பொருந்துகிறது. வல்லினத்துக்குப் பின்வாசல் இறுக மூடி, வாய்க்குள் காற்றழுத்தம் சேர வேண்டும். மெல்லினத்துக்குப் பின்வாசல் திறந்து ஒலி மூக்கு வழியாக வர வேண்டும். இடையினத்துக்கு வாசல் மூடியிருக்க வேண்டும் என்றாலும் அழுத்தம் அதிகம் தேவையில்லை. எனவே அண்ணத்தில் குறை இருக்கும்போது முதலில் அடிபடுவது வல்லினம்தான். உதட்டில் மட்டும் பிளவு இருந்து அண்ணம் முழுமையாக இருக்கும் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இந்தச் சிக்கல் வருவதில்லை.

அண்ணத்தைத் தைத்த பிறகும் ஒரு பகுதிக் குழந்தைகளுக்குப் பின்வாசல் முழுமையாக மூடாமல் போகிறது. மெல்லண்ணம் குட்டையாக இருக்கலாம், தழும்பால் விறைத்திருக்கலாம், தூக்கும் தசை போதிய வலுவோடு இழுக்காமல் இருக்கலாம். "இன்னும் முன்பே அறுவை செய்திருக்க வேண்டுமா" என்று பல பெற்றோர் தங்களையே நொந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன். அதற்காக ஒன்றைச் சொல்கிறேன். 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலுமாக 23 மையங்களில் 558 குழந்தைகளைச் சேர்த்து, 6 மாதத்தில் தைப்பதையும் 12 மாதத்தில் தைப்பதையும் ஒப்பிட்டார்கள். 5 வயதில் பின்வாசல் போதுமான அளவு மூடாதிருந்தவர்கள் முதல் குழுவில் 8.9 சதவீதம், இரண்டாம் குழுவில் 15 சதவீதம். வித்தியாசம் உண்மையானது. ஆனால் அந்த ஆய்வு உதடு பிளவாமல் அண்ணம் மட்டும் பிளந்த குழந்தைகளைப் பற்றியது. உங்கள் மகனுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. 11-ஆம் மாதம் என்பது வழக்கமான காலம்தான். அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை.

இனி, கேட்டு மதிப்பிடுவது. எத்தனை கருவிகள் வந்தாலும் பயிற்சி பெற்ற காதுதான் இந்தத் துறையில் முதல் அளவுகோல். ஏனெனில் பேச்சு என்பதே பிறர் காதில் எப்படி விழுகிறது என்பதுதான். வெவ்வேறு மொழி பேசுவோரின் முடிவுகளை ஒப்பிட ஏதுவாக 2008-இல் பல நாட்டு வல்லுநர்கள் கூடி, கேட்க வேண்டியவற்றை வகுத்தார்கள்: மூக்கொலி மிகுதி, மூக்கொலிக் குறைவு, மூக்கில் காற்றுக் கசியும் ஓசை, மெய்யொலிப் பிழைகள், குரல் கோளாறு ஆகிய ஐந்தும், அவற்றோடு பேச்சு எவ்வளவு புரிகிறது, கேட்பவருக்கு எவ்வளவு இயல்பாகப் படுகிறது என்ற இரண்டு பொது மதிப்பீடுகளும். இவை ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டு, தனித்தனியாகத் தரப்படுத்த வேண்டும். ஒன்றோடொன்று கலந்துவிட்டால் முடிவும் கலங்கிவிடும். வல்லினம் ஒன்றுமே சரியாக வராத குழந்தையின் பேச்சு புரியாமல் இருப்பதால், கேட்பவர் அவனது மூக்கொலியையும் அதிகமாக எடைபோட்டுவிடுவது அடிக்கடி நடக்கும்.

மூக்கொலி மிகுதி என்பது முக்கியமாக உயிரொலிகளில் கேட்பது. அதைத் தரப்படுத்த உதவும் ஒரு நல்ல வழி, அது எந்த ஒலிகளில் கேட்கிறது என்று பார்ப்பது. ஈ, ஊ போன்றவற்றில் நாக்கு உயர்ந்து வாயின் வழி குறுகுவதால், சிறு திறப்பு இருந்தாலும் ஒலி மூக்குக்குத் தாவும். ஆகாரத்தில் வாய் அகலத் திறந்திருப்பதால் அவ்வளவு தாவாது. ஈகார ஊகாரங்களில் மட்டும் கேட்டால் இலேசானது, ஆகாரத்திலும் கேட்டால் நடுத்தரமானது, குரல்வளை அதிர ஒலிக்கும் மெய்களையும் மெல்லினமாக மாற்றும் அளவுக்குப் போனால் கடுமையானது என்று பிரிட்டனில் புழங்கும் மதிப்பீட்டு முறை ஒன்று வரையறுக்கிறது. உங்கள் அறிக்கையில் 'நடுத்தரம்' என்று இருந்தால், எதை வைத்து நடுத்தரம் என்றார்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பேச்சு வழக்கில் 'மூக்கால் பேசுகிறான்' என்பதை நாம் இரண்டு எதிர்மாறான நிலைகளுக்கும் பயன்படுத்திவிடுகிறோம். சளி பிடித்து மூக்கடைத்தால் 'அம்மா' என்பது ஏறக்குறைய 'அப்பா' போலக் கேட்கும். அது மூக்கொலிக் குறைவு. பிளவு அண்ணக் குழந்தைக்கு மூக்குத் தண்டு வளைந்திருப்பதும் மூக்குத்துளை குறுகியிருப்பதும் சாதாரணம் என்பதால், பின்னால் கசிவும் முன்னால் அடைப்பும் ஒரே குழந்தையிடம் இருக்கலாம். அப்போது முன்னடைப்பு பின்கசிவை மறைத்துவிடும். மூக்கைச் சரிசெய்த பிறகு பேச்சு மோசமாகிவிட்டதாகச் சிலர் சொல்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

காற்றுக் கசிவு வேறு சங்கதி. வல்லினம் சொல்லும் கணத்தில் மூக்கு வழியாக வெளியேறும் காற்று அது. சில வேளை கேட்கவே கேட்காது. சில வேளை 'ஃஸ்' என்று மெல்லக் கேட்கும். சிறிய திறப்பின் வழியே வேகமாகப் போகும்போது குறட்டை போன்ற கரகரப்பாகக் கேட்கும். பெரிய சத்தம் என்றால் பெரிய ஓட்டை என்று பெற்றோர் நினைப்பார்கள். பல நேரங்களில் உண்மை அதற்கு எதிர்மாறு: சிறு திறப்புதான் அதிகம் கரகரக்கும். கேட்காத கசிவைக் காண, பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சிறு கண்ணாடி போதும். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. குழந்தை 'பப்பப்பா' என்று சொல்லத் தொடங்கிய பிறகே கண்ணாடியை மூக்குத்துளைக்குக் கீழே கொண்டுபோக வேண்டும், சொல்லி முடிக்கும் முன் எடுத்துவிட வேண்டும். முன்பே வைத்தாலோ கடைசிவரை பிடித்திருந்தாலோ வெறும் மூச்சே கண்ணாடியில் பனியாகப் படிந்து நம்மை ஏமாற்றிவிடும். இரண்டு துளைகளையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

மதிப்பீட்டின் இதயம் மெய்யொலிகளில் இருக்கிறது. 'பாப்பா' என்று சொல்லச் சொல்கிறோம். ஒரு குழந்தை 'மாமா' என்கிறது. உதடுகள் சரியாகச் சேர்ந்தன, பிரிந்தன. காற்று மட்டும் மூக்குக்குப் போய்விட்டது. இடம் சரி, அழுத்தம் இல்லை. இன்னொரு குழந்தை உதட்டையே சேர்க்காமல், தொண்டையில் குரல்வளையை ஒரு கணம் அடைத்துத் திறந்து, 'ஆ–ஆ' என்று இடையில் வெட்டிச் சொல்கிறது. வாய்க்குள் அழுத்தம் சேர்க்க முடியாத காலத்தில், பின்வாசலுக்குக் கீழேயே காற்றைத் தடுத்துக்கொள்ளக் குழந்தை கற்றுக்கொண்ட வழி இது. சகரத்துக்குப் பதிலாகத் தொண்டைச் சுவரில் உரசி ஒலிப்பதும், தகரத்தையும் ககரத்தையும் நடுநாக்கால் ஒரே இடத்தில் ஒலிப்பதும் இதே குடும்பம். பின்னதில் 'தட்டு' எது, 'கட்டு' எது என்று கேட்பவருக்குப் பிரித்தறிய முடியாமல் போகும். முதல் குழந்தையின் 'மாமா' அமைப்பின் விளைவு. அதைக் குழந்தை செய்யவில்லை, அதற்கு நேர்கிறது. இரண்டாம் குழந்தையின் தொண்டை வெட்டு, குழந்தை தானே செய்வது. அண்ணத்தை எவ்வளவு அழகாகத் திருத்தினாலும் அது அப்படியே இருக்கும்.

இரண்டையும் பிரிக்க மூக்கைப் பிடித்துப் பார்ப்பது எளிய சோதனை. 'பாப்பா' என்று ஒருமுறை சாதாரணமாகவும், மறுமுறை இரண்டு விரலால் மூக்கை மெல்ல மூடிக்கொண்டும் சொல்ல வைக்கிறோம். மூக்கை மூடியதும் 'மாமா' தெளிவான 'பாப்பா'வாக மாறினால், வாய் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, கசிவுதான் கெடுக்கிறது என்று பொருள். மூக்கை மூடியும் எதுவும் மாறவில்லை, அதே தொண்டை வெட்டுத்தான் என்றால், காற்று வாய்வரை வரவே இல்லை. அங்கே கற்றுக்கொடுக்க வேண்டியது நிறைய இருக்கிறது. இந்தச் சோதனைக்கு மெல்லினம் இல்லாத சொற்களையே எடுக்க வேண்டும். இதை மட்டும் வைத்து அறுவைக்கு அனுப்பக் கூடாது. ஆனால் இதைச் செய்யாமல் அனுப்பவே கூடாது.

கசிவு எங்கே என்பது அடுத்த கேள்வி. எல்லாக் கசிவும் பின்வாசலில் அல்ல. தைத்த அண்ணத்தில் துளை விழுந்திருக்கலாம். அதற்கு ஒலிகளே தடயம். துளை முன்பக்கம் இருந்தால் அதற்கு முன்னால் உருவாகும் பகர, தகரங்கள் கசியும். துளைக்குப் பின்னால் நாக்கு அடைத்துவிடுவதால் ககரம் நன்றாக இருக்கும். ககரமும் சேர்ந்து கசிந்தால் பின்வாசலைச் சந்தேகிக்க வேண்டும். இதை நான் கற்றுக்கொண்ட விதம் வருத்தமானது. பணியின் தொடக்க ஆண்டுகளில் ஒரு சிறுவனுக்குத் தகரத்தில் வரும் கசிவை நாக்கின் பழக்கம் என்று எண்ணி, ஒன்றரை ஆண்டு பயிற்சி கொடுத்தேன். ஈறுக்குப் பின்னால் மடிப்பு ஒன்றுக்குள் ஊசித் துளையை விடச் சற்றே பெரிய ஓட்டை இருந்ததை, அவன் தாய் "பால் குடித்தால் மூக்கில் வருகிறது" என்று தற்செயலாகச் சொன்ன பிறகுதான் டார்ச் அடித்துத் தேடிக் கண்டுபிடித்தேன். துளையைத் தற்காலிகமாக அடைத்துப் பேச வைத்தபோது அவனது 'தாத்தா' முதல் முறையே தெளிவாக வந்தது. அந்தக் குழந்தையின் ஒன்றரை ஆண்டை நான் வீணடித்தேன். அன்றிலிருந்து வாய்க்குள் பார்க்காமலும், சாப்பாடு மூக்கில் வருமா என்று கேட்காமலும் யாருடைய பேச்சையும் எடைபோடுவதில்லை.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. சில குழந்தைகளுக்கு சகர ஒலிகளில் மட்டும் மூக்கில் காற்றுச் சீறும். பகரமும் ககரமும் குறையின்றி அழுத்தமாக இருக்கும். பின்வாசல் மூடக்கூடியது என்பதற்கு அந்தப் பகரமே சாட்சி. அப்படியானால் சீறல் கற்றுக்கொண்ட பழக்கம். அதற்கு அறுவை செய்வது பிழை.

தமிழ்க் குழந்தையைத் தமிழில்தான் மதிப்பிட வேண்டும் என்பதை நான் வலியுறுத்துவதற்கு ஒலியியல் காரணங்கள் உண்டு. எழுத்தில் வல்லினமாக இருப்பதெல்லாம் நம் பேச்சில் வல்லினமாக ஒலிப்பதில்லை. 'பகல்' என்பதன் ககரம் ஹகரத்துக்கு அருகே மெலிந்துவிடும். 'படி' என்பதன் டகரத்தை நாக்கு தட்டிவிட்டுப் போகும். இப்படிப்பட்ட சொற்களைக் கொடுத்தால் குழந்தையின் அழுத்தக் குறை வெளியே தெரியாது. சொல்லின் முதலில் வரும் வல்லினமும், 'அப்பா', 'பத்து', 'பட்டு', 'பச்சை', 'அக்கா' போல இரட்டித்த வல்லினமுமே உண்மையைச் சொல்லும். இன்னொன்று: பேச்சுத் தமிழில் 'மரம்', 'வந்தான்' போன்ற சொற்களின் ஈற்று மெய் தேய்ந்து, அதற்கு முந்திய உயிர் இயல்பாகவே மூக்கொலி பெறும். அது எல்லாருக்கும் உள்ளது. அதைக் குழந்தையின் குறையாக எண்ணிவிடக் கூடாது. ஆகவே 'அப்பா பூ பறித்தார்', 'தாத்தா தட்டு எடுத்தார்', 'அக்கா கை காட்டு', 'அத்தை பச்சைச் சட்டை தைத்தார்' என்று மெல்லினமே இல்லாத வாக்கியங்களை வல்லினத்துக்கும், 'யார் அவர்? இவரா, அவரா?' என்று இடையினம் மட்டும் உள்ளதை மூக்கொலிக்கும், 'மாமா, அம்மா, நான், நீ' என்பவற்றை மூக்கடைப்புக்கும் நான் பயன்படுத்துகிறேன். தனி வாக்கியங்கள் மட்டும் போதாது. குழந்தை தனக்குப் பிடித்ததைப் பற்றி இரண்டு நிமிடம் தானாகப் பேசுவதையும் கேட்க வேண்டும்; தொடர்ந்து பேசும்போது கசிவு கூடுதலாக வெளிப்படலாம்.

இப்போது அந்த 48. நாசோமீட்டரில் மூக்குக்கும் வாய்க்கும் இடையே ஒரு தகடு வைத்து, மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு மைக் இருக்கும். மூக்கிலிருந்து வந்த ஒலி மொத்த ஒலியில் எத்தனை சதவீதம் என்பதே அந்த எண். அது ஒலியை அளக்கிறதே தவிரக் கசிவையோ திறப்பின் அளவையோ அளப்பதில்லை. எதை வாசித்தார்கள் என்பதைப் பொறுத்து எண் தலைகீழாக மாறும். ஆங்கிலத்தில் இயல்பாகப் பேசுபவர் மெல்லினமற்ற பத்தியை வாசித்தால் சராசரி சுமார் 15. மெல்லினம் நிறைந்த வாக்கியங்களை வாசித்தால் சுமார் 60. ஆக, 'மாமா, அம்மா' வகை வாக்கியத்தில் வந்த 48 மூக்கொலி மிகுதியைக் காட்டாது, மெல்லினமற்ற வாக்கியத்தில் வந்த 48 கவலைக்குரியது. நீங்கள் எழுதியிருப்பதில் எதை வாசித்தான் என்ற விவரம் இல்லை. மொழிக்கு மொழி, வட்டாரத்துக்கு வட்டாரம் இயல்பு அளவு மாறும் என்பதால் ஆங்கிலத்துக்கான எல்லைக்கோட்டைத் தமிழ்ப் பேச்சின் மீது வைக்க முடியாது. அன்று சளி இருந்தால் எண் தாழும். காது சொல்வதற்கும் எண் சொல்வதற்கும் பொருத்தம் இருந்தால் நம்பிக்கை கூடும். பொருத்தம் இல்லையென்றால் நின்று யோசிக்க வேண்டும். எண்ணை மட்டும் வைத்து அறுவையை முடிவு செய்யக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அறுவையைப் பற்றிப் பேசுவதற்கு முன் பின்வாசலை நேரில் பார்த்தாக வேண்டும். மூக்கு வழியாக மெல்லிய எண்டோஸ்கோப்பைச் செலுத்தி மேலிருந்து பார்ப்பது ஒரு வழி. பேசும்போது பக்கவாட்டில் எக்ஸ்ரே வீடியோ எடுப்பது இன்னொரு வழி. இரண்டையும் குழந்தை பேசிக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டும், முடிந்தவரை பேச்சுச் சிகிச்சையாளர் அருகில் இருந்து வாக்கியங்களைச் சொல்ல வைக்க வேண்டும். வாசல் எல்லாருக்கும் ஒரே மாதிரி மூடுவதில்லை. சிலருக்கு மெல்லண்ணமே பெரும்பங்கு நகரும், சிலருக்குப் பக்கச் சுவர்கள், சிலருக்கு வட்டமாகச் சுருங்கும். எந்த அறுவை பொருத்தம் என்பது இந்த வடிவத்தைப் பொறுத்தது.

ஆனால் இந்தப் படங்களிலும் ஒரு பொறி இருக்கிறது. தொண்டையில் வெட்டிப் பேசும் குழந்தை, காற்றைக் கீழேயே நிறுத்திவிடுவதால், பின்வாசலை மூட முயல்வதே இல்லை. அப்போது எண்டோஸ்கோப் காட்டும் பெரிய திறப்பு, முடியாமையா முயலாமையா என்று தெரியாது. ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி என் நினைவுக்கு வருகிறாள். வல்லினம் அத்தனையும் தொண்டை வெட்டு; எண்டோஸ்கோப்பில் வாசல் அகலத் திறந்தே இருந்தது. அறுவைக்கு நாள் குறிக்கும் முன் மூன்று மாதம் கேட்டேன். தொண்டை இறுகாமல் இருக்க 'ஹ' என்று மூச்சை ஓடவிட்டு, அந்த ஓட்டத்திலேயே உதட்டைச் சேர்த்துத் திறக்கச் சொல்லிக் கொடுத்தேன். பல வாரம் காற்று மட்டும் வந்தது. ஒரு நாள் மூக்கை மூடிக்கொண்டு 'ஹப்பா' என்றாள். தன் உதட்டில் வெடித்த காற்றை உணர்ந்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு தாயைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று மாதம் கழித்து, அந்தப் புதிய பகரத்தோடு மீண்டும் எண்டோஸ்கோப் செய்தபோது பக்கச் சுவர்கள் நகர்ந்தன, திறப்பு முன்பைவிடச் சிறியதாக இருந்தது. மூடவில்லை, அவளுக்கு அறுவை தேவைப்பட்டது, செய்தார்கள். ஆனால் முதலில் திட்டமிட்ட பெரிய தொண்டை அறுவைக்குப் பதிலாக மெல்லண்ணத்தின் தசையை மறுசீரமைப்பதோடு முடிந்தது. தொண்டையைக் குறுக்கும் அறுவைகளால் சிலருக்கு உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் ஆபத்து உண்டு என்பதால், இந்த வேறுபாடு சின்ன விஷயம் அல்ல.

காதை முதல் அளவுகோல் என்று சொன்ன நானே அதன் குறைகளையும் சொல்ல வேண்டும். 'இயல்பு' என்பதிலும் 'கடுமை' என்பதிலும் பயிற்சி பெற்றவர்கள் பெரும்பாலும் ஒத்துப்போவார்கள். 'இலேசு', 'நடுத்தரம்' என்ற நடுப்பகுதியில்தான் பிரிவார்கள். சில மாத இடைவெளியில் ஒரே பதிவுக்கு நானே வேறு மதிப்பெண் போட்டதுண்டு. கடுமையான பேச்சு ஒன்றைக் கேட்ட கையோடு இன்னொன்றைக் கேட்டால் அது இலேசாகத் தோன்றும். நாள்தோறும் பழகிய குழந்தையின் பேச்சு நமக்குப் புரியத் தொடங்கிவிடும், அதை முன்னேற்றம் என்று எண்ணிவிடுவோம். தாய்க்கு நேர்வது சிகிச்சையாளருக்கும் நேரும். இதனால்தான் முக்கிய முடிவுகளுக்கு ஒலிப்பதிவு செய்து, அந்தக் குழந்தையைத் தெரியாத இரண்டாமவர் ஒருவரைத் தனியாகக் கேட்டு மதிப்பிடச் சொல்ல வேண்டும்.

பேச்சுக்கு வெளியே உள்ள சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிளவு அண்ணக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு நடுக்காதில் நீர் கோக்கும். அதனால் கேட்பது மங்கும். கேட்காத ஒலியைக் குழந்தையால் திருத்த முடியாது. எனவே காது கேட்கும் சோதனை இல்லாத பேச்சு மதிப்பீடு முழுமையாகாது. மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதை பல குழந்தைகளுக்கு மெல்லண்ணம் போய்ச் சேரும் இடமாக உதவுகிறது. வேறு காரணத்துக்காக அதை எடுக்கச் சொன்னால், அண்ணப் பிளவு இருந்ததைச் சொல்லி, அவனது பிளவுக்குச் சிகிச்சை தரும் மருத்துவக் குழுவைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். மேல்பல் வரிசை உள்ளே தள்ளியிருந்தால் சகர, தகரங்கள் கொஞ்சம் பிறழும். அதை இந்த வயதில் பயிற்சியால் முழுதும் திருத்த முயல்வது குழந்தையை வதைப்பதாகும். குரல் கரகரப்பாக இருந்தால் அதையும் குறிக்க வேண்டும். கசிவை ஈடுகட்டக் குரல்வளையை வருத்துவதால் அது வரலாம்.

பலூன் ஊதுவது, விசில் ஊதுவது, உறிஞ்சுகுழலில் குமிழி விடுவது போன்ற பயிற்சிகளை யாராவது கொடுத்திருந்தால் அவற்றை நம்பி மாதங்களைக் கழிக்க வேண்டாம். ஊதுவதற்கு வாசல் மூடும் விதமும் பேசுவதற்கு மூடும் விதமும் வேறு. ஊதி ஊதி மூக்கொலி குறைந்ததாக நான் கண்டதில்லை, ஆய்வுகளும் அதை ஆதரிக்கவில்லை. பேச்சைப் பேசித்தான் திருத்த முடியும். பயிற்சி என்று உங்கள் சிகிச்சையாளர் சொல்வது ஒலி உருவாகும் இடத்தைத் திருத்துவதைத்தான் என்றால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மூக்கொலியையே பயிற்சியால் போக்குவேன் என்றால் அது கட்டமைப்புக் குறையிருக்கும்போது நடக்காது.

நாலரை வயது என்பது இந்த மதிப்பீட்டை முறையாகச் செய்ய ஏற்ற வயது. பல நாடுகளில் 5 வயதை முக்கியக் கட்டமாக வைத்திருக்கிறார்கள். அந்த வயதில் குழந்தை வாக்கியங்களைத் திருப்பிச் சொல்லும், பொறுமையாகப் பழக்கினால் எண்டோஸ்கோப்புக்கும் ஒத்துழைக்கும். பயிற்சியாளர், அறுவை மருத்துவர் இருவரிடமும் நீங்கள் கேட்க வேண்டியவை இவை என்று நினைக்கிறேன்: பகரம், தகரம், ககரம், சகரம் ஒவ்வொன்றிலும் என்ன நடக்கிறது, மூக்கை மூடினால் அவற்றில் எது மாறுகிறது, அண்ணத்தில் துளை உண்டா, எண்டோஸ்கோப்போ எக்ஸ்ரே வீடியோவோ பார்த்தார்களா, பார்த்தபோது அவன் சொன்ன ஒலிகள் வாயில் உருவானவையா தொண்டையில் வெட்டியவையா. முடிந்தால் இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்துக் கேளுங்கள். சில மாதப் பயிற்சிக்குப் பிறகு முடிவு செய்யலாம் என்று அவர்கள் சொன்னால் அந்தக் காத்திருப்புக்கு அர்த்தம் உண்டு. ஆனால் எத்தனை மாதம், எந்த ஒலி வந்தால் எண்டோஸ்கோப் என்று முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் வீட்டில் நீங்களே ஒரு பதிவு செய்து வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனை முகத்திலிருந்து ஒரு முழத்துக்குள் வைத்து, உதடும் மூக்கும் தெரியும்படி வீடியோவாக எடுங்கள். மேலே நான் எழுதிய வாக்கியங்களை நீங்கள் சொல்ல, அவன் திருப்பிச் சொல்லட்டும். ஒவ்வொன்றையும் மூக்கைப் பிடிக்காமல் ஒருமுறை, பிடித்துக்கொண்டு ஒருமுறை. பிறகு அவன் விருப்பப்படி ஏதாவது இரண்டு நிமிடம் பேசட்டும், நடுவில் திருத்தாதீர்கள். சளி இருக்கும் நாளில் எடுக்க வேண்டாம். தொடக்கத்தில் தேதியையும் அவன் வயதையும் உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து அதே வாக்கியங்களை, அதே தொலைவில், அதே அறையில் மறுபடி எடுத்து, இரண்டையும் சேர்த்து மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.